ஜாபர் பாய் போட்ட பெல்ட்

போன வாரம் எழுதிய கேண்டீன் சண்டையைப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். சந்தோஷம். இந்த வாரம் சிரிக்க ஒன்றும் இல்லை. இதை எழுதவே வேண்டாம் என்று என் மனைவி சுகந்தி சொன்னாள். "உங்களுக்கு எதுக்குங்க இந்த வேண்டாத வேலை?" என்று கேட்டாள். வேண்டாத வேலையை நான் அன்றைக்கே செய்து முடித்துவிட்டேன். இது அதைப் பற்றிய கணக்குதான்.

ஐப்பசி மழை. காமராஜபுரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரே ஒரு டீக்கடை. அதன் தகரத் தாழ்வாரத்தில் பட்டு வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு நான் நிற்கிறேன். சாலையோரம் என் கார் பானெட்டைத் திறந்தபடி நிற்கிறது. பின் சீட்டில் சுகந்தி, மடியில் பழத் தட்டு, காலடியில் வெற்றிலைத் தட்டு. பானெட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, முதுகெல்லாம் நனைய, மெக்கானிக் ஜாபர் பாய் நிற்கிறார்.

அவர் எனக்காக மழையில் நனைந்துகொண்டிருந்த அதே நேரத்தில்தான், கையில் போனை வைத்துக்கொண்டு அவரைப் பற்றி நான் எழுதிக்கொண்டிருந்தேன்.

எங்கள் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவுக்கு. இன்றைக்கும் ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது: "எச்சரிக்கை. ராஜகீழ்ப்பாக்கம் ஜாபர் மெக்கானிக் புது பெல்ட் என்று சொல்லிப் போலி பெல்ட் மாட்டிவிட்டார். ஒரு மாதத்துக்குள் அறுந்து நடுரோட்டில் குடும்பத்தோடு நிற்கிறோம். யாரும் அங்கே வண்டி விட வேண்டாம்."

அனுப்பிவிட்டு ஒரு டீ சொன்னேன். எனக்கு மட்டும்.

ராஜகீழ்ப்பாக்கம் ஷெட்

ஜாபர் பாயின் ஷெட், ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலுக்குப் பின்னால் ஒரு காலி மனையில் இருந்தது. நான்கு கம்பம், மேலே தகரம், ஒரு டூல் போர்டு. அவ்வளவுதான். எங்கள் குடியிருப்பு சேலையூரில். மூன்று பிளாக். கீழே வரிசையாகக் கார்கள். அவற்றில் பாதிக்கு மேல் அவரிடம்தான் போகும். ஒருவர் சொல்லி இன்னொருவர், அவர் சொல்லி மற்றொருவர் என்று சேர்ந்த வாடிக்கை. பேப்பரில் விளம்பரம் கிடையாது, போர்டு கூட மழையில் எழுத்துப் போய்க் கிடக்கும். அவருடைய பிழைப்பே எங்கள் வாயில் இருந்தது என்று சொல்லலாம். "ஜாபர்கிட்ட விடுங்க, நம்பி விடலாம்" என்கிற ஒற்றை வாக்கியம்தான் அவருக்கு மூலதனம்.

அந்த வாக்கியத்தை நானே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

எங்கள் வண்டிகளை நம்பித்தான் அந்த வருஷம் பக்கத்து மனையையும் வாடகைக்கு எடுத்து, வண்டியை ஏற்றி நிறுத்திக் கீழே நின்று வேலை பார்க்க ஒரு சிமெண்ட் மேடை கட்டினார். கட்டி முடித்ததும் என்னைத்தான் முதலில் கூப்பிட்டார். "சார், உங்க வண்டிதான் மொதல்ல ஏறணும், நீங்கதான மொதல் கஸ்டமர்" என்றார். ஏற்றினேன். பெருமையாகத்தான் இருந்தது.

அவர் ஷெட்டில் ஆயுத பூஜை உண்டு. வேலை பார்க்கும் இரண்டு பேரும் இந்துக்கள். அவர்கள் டூல் போர்டுக்குப் பொட்டு வைத்து, பூ போட்டு, சூடம் காட்டுவார்கள். பாய் வெளியே நின்றுகொண்டு வருகிறவர்களுக்கெல்லாம் பொரிப் பொட்டலம் கொடுப்பார். வருஷா வருஷம் என் பங்குப் பொரியை வாங்கித் தின்றிருக்கிறேன். இதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். என்னை நல்லவன் என்று நினைக்க ஏதாவது இடம் இருந்தால் அதை அடைத்துவிட வேண்டும்.

நான் யாரென்றால்

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். புதிதாக வருகிறவர்களுக்காக ஒரு வார்த்தை. பொத்தேரியைத் தாண்டி ஒரு தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் இருந்தவன். என் வேலை, கழித்துக் கட்டுவது. தேறாத பாகத்துக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டுவது. அந்தச் சீட்டில் "காரணம்" என்று ஒரு கட்டம் இருக்கும். அதை எழுதாமல் யாராவது என்னிடம் கையெழுத்துக்கு வந்தால் சீட்டைக் கிழித்து முகத்தில் எறியாத குறையாகத் திருப்பி அனுப்புவேன்.

"உடைஞ்சுதுன்னு எனக்கும் தெரியுதுய்யா. ஏன் உடைஞ்சுது? பிரிச்சுப் பார்த்தியா?" இதுதான் என் பாட்டு. ஒரு தடவை ஒரு பையன், சப்ளையர் மேல் பழியைப் போட்டு எழுதிக்கொண்டு வந்தான். பிரித்துப் பார்த்தால் எங்கள் ஆளே சுத்தியலால் தட்டி மாட்டியிருக்கிறான். அந்த இளைஞனை அன்று எல்லார் முன்னாலும் வறுத்து எடுத்தேன். "ஒருத்தன் பொழப்புய்யா இந்தச் சீட்டு" என்று கத்தினேன். சொன்னது நான்தான். நன்றாகத்தான் சொல்லியிருக்கிறேன். ஓய்வு பெற்ற அன்று சால்வை போட்டவர்கள் இதைத்தான் மேடையில் எடுத்துச் சொன்னார்கள்.

அப்படிப்பட்ட பேர்வழியான நான்தான் காமராஜபுரத்தில், ஒரு நட்டைக் கூடக் கழற்றிப் பார்க்காமல், ஒரு மனிதன் மேலேயே சிவப்புச் சீட்டை ஒட்டினேன்.

கதம்பம்

ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்பு வண்டியை சர்வீஸ் முடித்துக் கொடுத்தார் பாய். பெல்ட் வெடிப்பு விட்டிருந்தது என்று புதிதாக மாற்றியிருந்தார். அதை எல்லாரும் ஃபேன் பெல்ட் என்றுதான் சொல்கிறோம். இப்போதைய வண்டிகளில் அது ஃபேனைச் சுற்றுவதே இல்லை. பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும் டைனமோ, ஏசி, ஸ்டீயரிங், இன்ஜினுக்குத் தண்ணீர் அனுப்பும் பம்ப், எல்லாவற்றையும் அந்த ஒரே ரப்பர் பட்டைதான் சுழற்றுகிறது. அது தொய்யாமல் தாங்கிப் பிடிக்க நடுவில் ஒரு சின்னச் சக்கரம். ஐட்லர் என்பார்கள்.

சாவியைக் கொடுக்கும்போது பாய் கொஞ்சம் தயங்கினார்.

"சார், ஒண்ணு சொல்லுவேன், தப்பா எடுத்துக்கக் கூடாது."

"சொல்லுங்க பாய்."

"பூஜைக்குப் பூ போடறதுன்னா முன்னால வெளியாண்ட போட்டுக்கங்க. பானெட்டுக்குள்ள வேணாம். உள்ள எல்லாம் சுத்திகினு இருக்கும்."

"சரி சரி" என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வழியெல்லாம் மனதுக்குள் ஒரு குடைச்சல். வீட்டுக்குள் நுழைந்ததும் சுகந்தியிடம் சொன்னேன். "ஆயுத பூஜையை எப்படிப் பண்ணணும்னு பாய் எனக்குப் பாடம் எடுக்கறாரு பாரு."

"அவரு வண்டிக்குத்தான சொன்னாரு" என்றாள் அவள்.

அவளுக்குப் புரிந்தது எனக்குப் புரியவில்லை என்று எழுதலாம். பொய். எனக்கும் புரிந்தது. புரிந்தும் பிடிக்கவில்லை. அதுதான் உண்மை. பண்டிகை நாளில் பானெட்டைத் திறந்தேன். வழக்கமாக நான் முகப்பில் மட்டும்தான் மாலை போடுகிறவன். அந்த வருஷம்தான் உள்ளேயும் போட்டேன். ஆயுதம் என்றால் இன்ஜின்தானே ஆயுதம் என்று ஒரு நியாயமும் கற்பித்துக்கொண்டேன். சந்தனம், குங்குமம் வைத்தேன். ஒரு முழம் கதம்பத்தை எடுத்து இந்தப் பக்க ஹோஸிலிருந்து அந்தப் பக்கக் கம்பி வரை தோரணம் மாதிரி கட்டினேன். கீழே பெல்ட் இருக்கிறது என்று தெரியாதவனா நான்?

டயருக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்து, குடியிருப்பைச் சுற்றி ஒரு வட்டம் ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினோம். மறுநாள் காலையில் தண்ணீர் பார்க்கப் பானெட்டைத் திறந்தால், கட்டிய பூவில் பாதியைக் காணோம். காற்றில் போயிருக்கும் என்று மிச்சத்தைப் பிய்த்து எறிந்தேன்.

துணி சோப்பு

இரண்டு மூன்று வாரம் கழித்துக் காலையில் வண்டியைக் கிளப்பும்போதெல்லாம் 'கீச்' என்று ஒரு சத்தம். மூன்றாவது மாடிக்குக் கேட்கும். பாய்க்கு போன் செய்தேன்.

"ஒரு எட்டு கொண்டாந்து காட்டுங்க சார், அஞ்சு நிமிஷம்" என்றார்.

போகவில்லை. மழை, சோம்பல். பக்கத்து வீட்டுக்காரர் பெல்ட்டில் துணி சோப்பைத் தேய்த்தால் சத்தம் போய்விடும் என்றார். தேய்த்தேன். போய்விட்டது! இரண்டு நாள் நானே பெரிய இன்ஜினீயர் என்று மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்தேன். ஐட்லர் சக்கரத்தின் பேரிங் காய்ந்து இறுகியதில் பெல்ட் வழுக்கிக் கதறியதற்கு நான் சோப்புப் போட்டு வாயை அடைத்திருக்கிறேன். வேறென்ன சொல்ல.

மறுபடியும் காமராஜபுரம்

அன்றைக்குக் கீழ்க்கட்டளையில் என் தங்கை மகனுக்கு நிச்சயதார்த்தம். நான் தாய்மாமன். தட்டு என் வண்டியில். ராகு காலத்துக்கு முன்னால் தட்டு மாற்றியாக வேண்டும். செம்பாக்கம் தாண்டும்போதே டாஷ்போர்டில் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. ஏசியில் வெந்நீர் அடுப்புக் காற்று. காமராஜபுரம் வரும்போது 'பட்' என்று ஒரு வெடி, கீழே ஏதோ டப் டப் என்று அடித்தது, ஸ்டீயரிங் கல்லாகிவிட்டது. சூடு காட்டும் முள் ஏறிக்கொண்டே போனது. ஓரம் கட்டினேன்.

போன் செய்ததும் பாய் பத்தே நிமிடத்தில் டூவீலரில் வந்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை. வீட்டிலிருந்து சட்டையைக் கூடச் சரியாகப் பொத்தான் போடாமல் வந்திருந்தார். குனிந்து பார்த்தார். கையை உள்ளே விட்டார். எதையோ தொட்டார். கையை வெளியே எடுத்தார். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார்.

நான் அதற்குள் ஆரம்பித்துவிட்டேன். பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள், டீக்கடையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும் அளவுக்குக் கத்தினேன்.

"இன்னும் ஒரு மாசம் கூட ஆகல! என்ன பெல்ட் போட்டீங்க? எவன்கிட்ட வாங்கிப் போட்டீங்க?"

"ஐட்லர் ஜாம் ஆயிடுச்சு சார். அதான் பெல்ட்ட அறுத்துடுச்சு."

"ஏன் ஜாம் ஆச்சு? சர்வீஸ் பண்ணும்போது பார்க்கலையா?"

அவர் என்னைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். ஒருவர் குடையோடு பக்கத்தில் வந்து "இன்னா பாய், டூப்ளிகேட் ஐட்டமா?" என்று கேட்டுச் சிரித்தார். பாய் மறுபடி என்னைப் பார்த்தார். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னார்:

"நான் மாத்திக் குடுத்துடறேன் சார். காசு ஒண்ணும் வேணாம்."

இது போதாதா எனக்கு? தப்பு செய்யாதவன் எதற்குச் சும்மா மாற்றித் தருகிறேன் என்கிறான்? ஒப்புக்கொண்டுவிட்டான் என்று முடிவு கட்டினேன். அவர் எதையோ மறுபடி குனிந்து பார்த்துக்கொண்டிருக்கும்போதே டீக்கடைக்குப் போய்ப் போனை எடுத்தேன்.

அனுப்பிய அடுத்த நிமிடமே பதில்கள் வர ஆரம்பித்தன. "அடப்பாவமே", "பத்திரமா போங்க சார்", "நல்ல வேளை சொன்னீங்க". அதற்குப் பிறகு பி பிளாக்கில் ஒருவர் எழுதினார்: "அவங்க ஆளுங்களே அப்படித்தான் சார். நாமதான் போய் ஏமாறுறோம்."

அதை நான் எழுதவில்லை. எழுதியிருக்கவும் மாட்டேன். ஆனால் அதற்குக் கீழே ஒரு கும்பிடு கையைப் போட்டேன். எல்லாருக்கும் போட்ட மாதிரி அவருக்கும் போட்டேன் என்று பிறகு எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். மனசு கேட்கவில்லை.

"உங்க உதவி ஒண்ணும் வேணாம், நீங்க கெளம்புங்க" என்று பாயை அனுப்பிவிட்டேன். தட்டுகளைத் தூக்கிக்கொண்டு ஷேர் ஆட்டோவில் இடித்துப் பிடித்துக் கீழ்க்கட்டளை போய்ச் சேரும்போது ராகு காலம் பிறந்துவிட்டது. தங்கை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்துப் பாய் கணக்கில்தான் எழுதினேன்.

ஏழுமலை பிரித்தார்

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு போய்க் கீழ்க்கட்டளையிலேயே ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார்கள். மறுநாள் போனேன். அங்கே மெக்கானிக் பெயர் ஏழுமலை. என் வயதுக்காரர். வெற்றிலைச் சிவப்பு வாய். அவருக்கு அவசரமே இல்லை. அறுந்த பெல்ட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பின்புறம் அச்சடித்திருந்ததைப் படித்தார்.

"பெல்ட்டு நல்ல பெல்ட்டு சார். கம்பெனி ஐட்டம். போட்டவன் கரீட்டாத்தான் போட்டுகிறான்."

எனக்குச் சுருக்கென்றது. "அப்புறம் ஏன் அறுந்துது?"

"இருங்க, இருங்க."

டைனமோ சக்கரத்தை விரலால் சுற்றினார். வழுக்கிக்கொண்டு சுற்றியது. தண்ணீர்ப் பம்பு, ஏசி, ஒவ்வொன்றாகச் சுற்றினார். பிறகு ஐட்லரைச் சுற்றப் பார்த்தார். அசையவில்லை. போல்ட்டைக் கழற்றி, அதை வெளியே எடுத்து, பின்பக்கம் திருப்பி டார்ச் அடித்தார். சிரித்தார்.

"இன்னா சார் இது! பூ கட்ற நூலு!"

சின்னக் கொக்கியால் நெம்பி நெம்பி இழுத்தார். சுருள் சுருளாக வந்தது. பச்சை நைலான் நூல். கிரீஸில் ஊறிக் கறுத்திருந்தது. நடுவில் ஒரு மரிக்கொழுந்துக் காம்பு கருகி ஒட்டிக்கொண்டிருந்தது. முன்னெல்லாம் நாரில் கட்டினார்கள், அறுந்து உதிர்ந்துவிடும் என்றும், இந்த நைலான் அறுந்து போகாது, பேரிங் மூடியைத்தான் அறுக்கும் என்றும் ஏழுமலை விளக்கிக்கொண்டே போனார். மூடி அறுந்து, கிரீஸ் வெளியேறி, பேரிங் காய்ந்து, சக்கரம் பூட்டிக்கொண்டு, ஓடுகிற பெல்ட்டைத் தேய்த்தே அறுத்திருக்கிறது. எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. அந்தக் காம்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எவன் சார் இங்க போயி பூவ கட்டனது? விவரம் கெட்டவன்."

"தெரியல. டிரைவர் யாராவது கட்டியிருப்பாங்க" என்றேன்.

எங்களிடம் டிரைவர் கிடையாது. எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

ஏழுமலை புது ஐட்லர் மாட்டினார், புது பெல்ட்டை ஒவ்வொரு சக்கரமாகச் சுற்றிக் கோத்தார், கட்டை விரலால் அழுத்தி இழுவை பார்த்தார், வண்டியைக் கிளப்பிப் பெல்ட்டின் மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்துக் காது கொடுத்துக் கேட்டார். "பெல்ட் சத்தம்னா தண்ணி பட்டா மாறும். பேரிங் சத்தம்னா மாறாது. அம்மாடி, சுத்தம்" என்று பானெட்டை மூடினார். இதே சோதனையை ராஜகீழ்ப்பாக்கத்தில் ஐந்து நிமிடத்தில் செய்திருப்பார்கள், நான் போயிருந்தால்.

அனைவருக்கும் அழி

அன்றே சேலையூருக்குத் திரும்பும் வழியில் ராஜகீழ்ப்பாக்கத்தில் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நாளை போகலாம் என்று நினைத்தேன். நாளை, வெள்ளிக்கிழமை, மழை விடட்டும் என்று மூன்று வாரம் ஓட்டினேன். வெட்கம்தான். வேறு ஒன்றும் இல்லை. அந்த மூன்று வாரத்தில் குடியிருப்புச் சங்கத்துச் செயலாளர், வீட்டுக்கே வந்து சர்வீஸ் செய்யும் ஒரு நிறுவனத்தோடு பேசி முடித்தார். வாட்ச்மேனிடம் "அந்த மெக்கானிக்கை உள்ளே விட வேண்டாம்" என்று சொல்லிவைத்தார்கள். கூட்டத்தில் எனக்கு நன்றி கூடச் சொன்னார்கள். நான் எழுந்து நின்று கை கூப்பினேன்.

கடைசியில் சுகந்திதான் பிடித்துக்கொண்டாள். நூல் விஷயத்தை அவளிடம் உளறியிருந்தேன்.

"அந்த மனுஷன் சோத்துல மண்ணைப் போட்டுட்டு இங்க நிம்மதியா சாப்பிடறீங்களே" என்றாள்.

அன்று மாலையே உட்கார்ந்து குழுவில் எழுதினேன். பெல்ட் நல்ல பெல்ட், பாய் மேல் தவறு இல்லை, பூஜைக்கு நான் உள்ளே கட்டிய கதம்பத்தின் நூல் சிக்கியதுதான் காரணம், இன்னொரு மெக்கானிக் என் கண் முன்னால் பிரித்துக் காட்டினார், நான் எழுதியது தவறு, மன்னிக்கவும் என்று. காரணம் என்கிற கட்டத்தை முழுசாக நிரப்பிவிட்டேன்.

முதல் பதில்: "சாருக்குப் பெரிய மனசு."

இரண்டாவது: "அப்ப நம்ம பூஜைதான் தப்புன்னு சொல்றாரா அந்தாளு?"

அவர் சொல்லவில்லை, நான் சொல்கிறேன் என்று எழுதினேன். யார் படித்தார்கள்? "அடுத்த வருஷம் சந்தனம் வைக்காதன்னு சொல்லுவாங்க பாருங்க." "இன்னிக்குப் பூ, நாளைக்குக் கோலம்." "சாரை நல்லா மூளைச்சலவை பண்ணிட்டானுங்க." பி பிளாக்காரர் மட்டும் ஏழெட்டு எழுதினார். ஒரு பெல்ட்டில் ஆரம்பித்தது எங்கேயோ போய்க்கொண்டிருந்தது. செயலாளர் போன் செய்து "சார், குரூப்புல பிரச்சினை வேணாமே, எடுத்துடுங்க" என்றார்.

எடுத்துவிட்டேன். 'அனைவருக்கும் அழி' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. பழைய எச்சரிக்கையை அழிக்க முடியவில்லை, அதற்குக் காலம் கடந்துவிட்டதாம். அதனால் அது அப்படியே இருக்கிறது. மன்னிப்புதான் அழிந்தது.

ஷெட்டில்

மறுநாள் காலை வண்டியை எடுத்துக்கொண்டு ராஜகீழ்ப்பாக்கம் போனேன். சிமெண்ட் மேடை காலியாக இருந்தது. அதன் மேல் யாரோ துணி காயப்போட்டிருந்தார்கள். பக்கத்து மனையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்று பிறகு தெரிந்தது. வேலையாட்களில் ஒருவர்தான் இருந்தார். பாய் தரையில் உட்கார்ந்து ஒரு ஷேர் ஆட்டோவின் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். என் வண்டிச் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கிப் பார்த்தார். எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டார்.

"உக்காருங்க சார்."

"பாய், நான் பெரிய தப்பு பண்ணிட்டேன். அந்த நூலு..."

"தெரியும் சார்."

"என்ன தெரியும்?"

"அன்னிக்கே தெரியும். மழையில குனிஞ்சு பாத்தப்பவே நூலு மொன வெளிய நீட்டிகினு இருந்திச்சு. தொட்டுப் பாத்தேன்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அப்ப ஏன் பாய் சொல்லல? ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான்..."

"எப்டி சார் சொல்றது?" என்றார். குரல் ஏறவில்லை. "ரோட்டுல அத்தினி பேரு நின்னுகினு இருந்தாங்க. நீங்க கத்திகினு இருந்தீங்க. பூஜைப் பூவாலதான் வண்டி போச்சுன்னு நான் சொன்னேன்னு வைங்க. நான். என் வாயால. அதுக்கப்புறம் எவன் சார் பெல்ட்டப் பத்திப் பேசுவான்? டூப்ளிகேட்டு போட்டவன்னு பேர் வந்தா கஸ்டமர்தான் போவான். பூஜையக் கொற சொன்னவன்னா அது வேற பேரு சார். அது வந்தா ஷெட்டே போயிரும்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"நேத்து நீங்க மறுபடி எழுதுனதும் வந்துச்சு. உங்க அபார்ட்மெண்டுலயே ஒருத்தரு படம் புடிச்சு அனுப்பறாரு, மொதல்லேர்ந்து எல்லாத்தையும். அத ஏன் சார் எழுதுனீங்க? நான் வாயத் தொறக்காம இருந்ததே அதுக்குத்தான."

"உங்க பேரைக் காப்பாத்தலாம்னுதான் பாய்..."

"நல்லதுக்குத்தான் எழுதுனீங்க, இல்லேங்கல." கையிலிருந்த ஸ்பேனரைத் துணியால் துடைத்துக்கொண்டே இருந்தார். "டூப்ளிகேட்டுன்னு எழுதுனதுக்குக் கூட நான் கோச்சுக்கல சார். வண்டி நின்னா மனுசனுக்குக் கோவம் வரும். ஆனா அந்த இன்னொருத்தரு எழுதனாரு பாருங்க, எங்க ஆளுங்களப் பத்தி. அதுக்குக் கீழ நீங்க கும்பிடு போட்டிருந்தீங்க. அத என் பொண்ணு பாத்துட்டா. 'இவருதான உன் மொதல் கஸ்டமர்'னு கேக்குறா."

அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அழுகை வரவில்லை. மன்னிச்சுடுங்க என்று ஏதோ முணுமுணுத்தேன். "வுடுங்க சார்" என்று டீ சொல்லி அனுப்பினார். வந்தது. இரண்டு பேரும் குடித்தோம். ஏலக்காய் போட்ட டீ.

அப்போது, பழையபடி ஆக்கிவிடலாம் என்று எனக்கு ஒரு நப்பாசை. சாவியை நீட்டினேன். "பாய், இனிமே வண்டி இங்கதான். இன்னிக்கே விட்டுட்டுப் போறேன், ஒரு ஜெனரல் செக்கப் பண்ணிடுங்க."

அவர் சாவியை வாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டார்.

"வேணாம் சார். நீங்க எப்ப வேணாலும் வாங்க, உக்காருங்க, டீ சாப்டுங்க. வண்டி மட்டும் வேணாம். அதுல எது போனாலும் நான்தான்னு வரும். என்னால தாங்க முடியாது."

கெஞ்சினேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். எழுந்து வந்து காரில் ஏறிக் கிளப்பினேன். பின்னால் எடுக்கும்போது கண்ணாடிப் பக்கம் வந்து குனிந்தார். ஒரு கணம், மனம் மாறிவிட்டார் என்று நினைத்தேன்.

"நீங்க உள்ள வரும்போதே கேட்டேன். வாட்டர் பம்பு பேரிங்குல லேசா ஒரு சத்தம் கீது. இப்ப ஒண்ணும் இல்ல. ஆனா வுட்டுடாதீங்க, இன்ஜினு சூடேறிடும். வேற எங்கனா காட்டிக்கங்க."

சொல்லிவிட்டு ஆட்டோவிடம் போய் உட்கார்ந்துகொண்டார்.

எனக்கு எந்தச் சத்தமும் கேட்கவில்லை. வீடு வரைக்கும் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன், கேட்கவில்லை. மறுநாள் கீழ்க்கட்டளைக்குப் போய் ஏழுமலையிடம் விட்டேன். பெல்ட்டைக் கழற்றிப் பம்பைச் சுற்றிப் பார்த்தவர் புருவத்தை உயர்த்தினார்.

"ஆமா சார், லேசா போவ ஆரம்பிச்சிருக்கு. எனக்கே போன தபா தெரியல. பானெட்ட தொறக்காமலா சொன்னாரு? யாரு சார் அந்த ஆளு? அவருகிட்டயே வுட வேண்டியதுதான வண்டிய?"